பின்சீட்டுக்காரன் கேட்டது

மாதேஸ்வரனுக்கு விஷயம் தெரியவந்தது டாக்டர் அறையில்தான். அதுவும் டாக்டர் அவனைப் பாராட்டியதால்.

ஓசூர் பாகலூர் ரோட்டில் மாடியில் இருந்தது அந்தக் கிளினிக். நெஞ்சு நோய்க்கென்று தனியாகப் படித்தவர் டாக்டர் அருணா. அவர் பிரவீனாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாதேஸ்வரன் உட்கார்ந்திருந்தான். மண்டிக்குப் போகவேண்டிய தக்காளிப் பெட்டிகள் வீட்டு வாசலில் நிற்கின்றன என்ற நினைப்பு அவனுக்கு.

"இப்ப அப்படியே இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா" என்றார் டாக்டர்.

பிரவீனா படுத்தாள். டாக்டர் குனிந்து கேட்டார். இதுவரை பார்த்த எந்த டாக்டரும் காட்டாத நிதானத்தோடு கேட்டார். பிறகு நிமிர்ந்து மாதேஸ்வரனைப் பார்த்துச் சிரித்தார்.

"சாஞ்சாதான் வருது. மூணு வருஷமா ஆஸ்துமான்னு இன்ஹேலர் குடுத்திருக்காங்க, யாரும் படுக்க வச்சுப் பாக்கல போல. நல்லா கவனிச்சிருக்கீங்க சார். வீட்டுல இருக்கறவங்க இந்த மாதிரி கவனிச்சுச் சொன்னா எங்க வேலை பாதி முடிஞ்ச மாதிரி."

மாதேஸ்வரன் விழித்தான். பிரவீனா எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தவள் போலிருந்தாள்.

"இவரு இல்லைங்க மேடம். கம்பெனி பஸ்ஸுல பின்சீட்டுல ஒருத்தரு வருவாரு, ராஜசேகர்னு. நான் ஜன்னல்ல சாஞ்சு தூங்கும்போது நெஞ்சுக்குள்ள விசில் மாதிரி கேக்குதுன்னு அவருதான் சொன்னாரு. நிமிந்து உக்காந்தா நின்னுடுதாம்."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுதத் தொடங்கினார். அவருக்கு அது நோயைப் பற்றிய ஒரு தகவல், அவ்வளவுதான். மாதேஸ்வரனுக்கு அப்படி இல்லை. அதற்கப்புறம் டாக்டர் சொன்னதெல்லாம் அவன் காதில் பாதிதான் விழுந்தது. ஆஸ்துமா என்றால் இரண்டு பக்கமும் இழுக்கும். ஒரே பக்கம், ஒரே இடத்தில் விசில் வந்தால் மூச்சுக்குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கலாம். எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் ஒரு மங்கல் தெரிகிறது, அது போதாது, சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். இந்த வாரமே.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பைக் உத்தனப்பள்ளி தாண்டியதும் கேட்டான்.

"அவன் எதுக்குடி உன் மூச்சக் கேக்கறான்?"

"அவரு கேக்கல மாமா. கேட்டுச்சு." காற்றில் அவள் குரல் அறுந்து அறுந்து வந்தது. "லாரி ஒண்ணு ரோட்டுல குறுக்க நின்னுடுச்சு. பஸ்ஸு ரொம்ப நேரம் நின்னுது. டிரைவரு இன்ஜின ஆப் பண்ணிட்டாரு. எல்லாரும் தூங்கறாங்க. அவருக்குக் கேட்டிருக்குது."

"நீ தூங்கறதப் பாத்துக்கினு இருந்தானா?"

அவள் இருமினாள். அவள் இருமியபோது அவள் நெற்றி அவன் முதுகில் இடித்தது. அந்த இருமலை அவன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான். விசிலைத்தான் கேட்டதில்லை.

அதுதான் அவனை அரித்தது. கல்யாணமாகி எட்டு வருஷம். அஞ்செட்டிக்கு மேலே பஸ் எப்போதாவது வரும் ஒரு மலையூரிலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தான். ராயக்கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில் அவனுக்கு நிலம், கிணறு, வீடு, எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற அம்மா வெள்ளையம்மா. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வருவதால் பாதி நாள் அவன் படுக்கை மோட்டார் கொட்டகையில்தான். வீட்டில் படுக்கிற நாட்களில் நடுவில் மகள் படுத்திருப்பாள். பிரவீனாவின் இருமலால் குழந்தை விழித்துக்கொள்கிறது என்று வெள்ளையம்மா சொன்னதிலிருந்து பிரவீனா சமையலறைப் பக்கம் பாய் போட்டுக்கொண்டாள். அது நடந்தே இரண்டு வருஷம் இருக்கும். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். இப்போது ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்தபோது, எல்லாவற்றையும் கூட்டினால் அவன் பொண்டாட்டியின் மூச்சு அவனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது என்று வந்தது.

இத்தனைக்கும் காது மந்தமானவன் இல்லை. சொட்டுநீர்க் குழாயில் எங்கேயாவது ஊசிமுனை ஓட்டை விழுந்தால் வரப்பில் நடக்கும்போதே அந்தச் சீறல் கேட்டு நின்றுவிடுவான். அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களே கூப்பிட்டுக் காட்டச் சொல்வார்கள்.

சந்தேகம் வந்துவிட்டால் பழைய விஷயமெல்லாம் புது நிறத்தில் தெரியும். போன மாதம் ஒருநாள் சோறு போடும்போது பிரவீனா, "இம்புட்டு போதுமா?" என்று கேட்டாள். அப்போது அவன் கவனிக்காமல் தின்றுவிட்டுப் போனான். இப்போது நினைத்தால் சுருக்கென்றது. இம்புட்டா? அவன் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அஞ்செட்டிப் பக்கம் கன்னடம்தான் பாதிப் பேச்சு, அங்கேயும் இந்தச் சொல் கிடையாது. யாருடைய வாயிலிருந்து அவள் வாய்க்கு இது வந்தது?

மறுநாள் காலை பஸ் வரும் முக்குக்கு அவனே அவளோடு போனான். ராஜசேகர் முன்னமே வந்து நின்றிருந்தான். ஆளைப் பார்த்ததும் மாதேஸ்வரனுக்கு ஏமாற்றமாக இருந்தது. வாட்டசாட்டமாக, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஒருவனை அவன் கற்பனை செய்து வைத்திருந்தான். இவனுக்கு முன்மண்டை வழுக்கை. தோளில் சாப்பாட்டுப் பை. சட்டைப் பையில் பேனாவும் கம்பெனி அடையாள அட்டையும். விருதுநகர்ப் பக்கத்து ஆள், தரம் பார்க்கிற பிரிவில் வேலை, மனைவி மோகனப்ரியாவோடு ராயக்கோட்டையில் வாடகைக்கு இருக்கிறான். அழகனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். இந்தச் சாதாரண முகத்தைப் பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சல் கூடியது. இவனிடம் என்ன இருக்கிறது? ஒரு பஸ் நின்றபோது தூங்காமல் இருந்திருக்கிறான். அவ்வளவுதான்.

"அண்ணே, டாக்டரப் பாத்தாச்சா? என்ன சொன்னாக?" என்று ராஜசேகரே கேட்டான்.

பிரவீனா அதற்குள் பஸ்ஸில் ஏறியிருந்தாள்.

"ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க" என்றான் மாதேஸ்வரன். "சும்மா வீசிங்தானாம். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் பொய் சொன்னது அவனுக்கே உறைத்தது. ஆனால் ராஜசேகரின் முகத்தில் அந்த நொடி வந்த தடுமாற்றம் அவனுக்கு வெல்லம் மாதிரி இருந்தது. "ஓ... அப்ப சரிண்ணே. நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவன் ஏறிப்போனான். பஸ் கிளம்பியது. ஜன்னலோரம் பிரவீனாவின் தலையும் அதற்குப் பின்னால் அந்த வழுக்கைத் தலையும் ஒன்றாக நகர்ந்து போவதை மாதேஸ்வரன் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்கேன் எடுக்க அந்த வாரம் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. "தக்காளி வெல நல்லா இருக்குது, இப்ப விட்டா போச்சு" என்றான். பிரவீனா இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது அவளைக் கிருஷ்ணகிரிக்கு வேறொரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அங்கே நல்ல கூட்டம். அந்த டாக்டர் உட்கார்ந்தபடியே முதுகில் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார், பழைய சீட்டைப் பார்த்தார், நெபுலைசர் வைக்கச் சொன்னார். இடது பக்கம் சாய்ந்தால் விசில் வருகிறது என்று பிரவீனா சொல்ல வாயெடுத்தாள். மாதேஸ்வரன் முந்திக்கொண்டான்.

"வீசிங்தானுங்களே சார்?"

"ஆமா. குளிர்காலம் இல்லையா, அப்படித்தான் இருக்கும்."

வெளியே வந்தபோது மாதேஸ்வரனுக்கு மண்டியில் நல்ல விலை கிடைத்த மாதிரி இருந்தது. "பாத்தியா? உன் பின்சீட்டு டாக்டரு சொன்னது தப்பு. படிச்ச டாக்டரே சொல்லிட்டாரு."

"அருணா மேடமும் படிச்சவங்கதான மாமா."

"அவங்க மனசுல அவன் சொன்னத நீ ஏத்திவுட்டுட்ட. அதுக்கேத்த மாதிரி பாத்தாங்க."

பிரவீனா மூக்கில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அவள் கம்பெனி பஸ்ஸில் போவதை நிறுத்திவிட்டான். நானே கொண்டுபோய் விடுகிறேன், நானே கூட்டிவருகிறேன் என்றான். ஊரில் பார்த்தவர்கள், "இன்னாடா மாதேசு, புதுமாப்ள மாதிரி பொண்டாட்டியக் கூட்டிக்கினு சுத்தற" என்று கேலி செய்தார்கள். அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மார்கழி மாதம். விடிகாலையில் ஓசூர் ரோட்டில் பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாத பனி. கம்பெனி பஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கதகதப்பாக அவர்களைத் தாண்டிப்போகும். பிரவீனா அவன் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து இருமிக்கொண்டே வருவாள். பஸ் தாண்டும்போதெல்லாம் அவள் அதை நிமிர்ந்து பார்க்கிறாளா என்று அவன் பக்கக் கண்ணாடியில் பார்ப்பான். அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அடுத்த நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. மூச்சு இழுத்தால் இடது விலாவில் குத்துகிறது என்றாள். சளி துருப்பிடித்த நிறத்தில் வந்தது. வெள்ளையம்மாவே பயந்துபோய், "டேய், ஆசுபத்திரிக்கு இட்டுக்கினு போடா, நின்னு பாத்துக்கினு இருக்கற" என்று கத்தினாள். தெரிந்தவர் காரில் ஓசூருக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் அருணா அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். இடது நுரையீரலின் கீழ்ப்பாகம் முழுக்க நிமோனியா. "அன்னைக்கே ஸ்கேன் எடுங்கன்னேனே. ஏன் இவ்வளவு நாள்?"

மாதேஸ்வரன் தரையைப் பார்த்தான். காய்ச்சலில் உதடு வெடித்துக் கிடந்த பிரவீனா, "தக்காளி சீசன் மேடம். நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டன்" என்றாள்.

அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இந்தத் தடவை ஸ்கேன் அன்றைக்கே நடந்தது. படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் போட்டு டாக்டர் அவனுக்கு விளக்கினார். கருப்பாகக் கிளைபிரிகிற இரண்டு மூச்சுக்குழாய்கள். இடப்பக்கக் குழாய்க்குள், சுவரில் ஒட்டிக்கொண்டு, ஒரு சிறிய உருண்டை.

"இதுதான் அந்த விசில். காம்புல தொங்கற மாதிரி இருக்கு. அந்தப் பக்கமா சாஞ்சா வழிய மறைக்குது, நிமிந்தா விலகுது. சளி வெளிய வர முடியாம தேங்கித்தான் திரும்பத் திரும்ப நிமோனியா வருது. போன வருஷமும் வந்துச்சுன்னாங்களே, அதே இடம்தான்."

"கட்டிங்களா மேடம்?"

"கட்டிதான்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் அவசரப்படாமல் பேசினார். கட்டி என்றாலே புற்றுநோய் என்று இல்லை. இந்த உருண்டைக்குள் கொழுப்பு இருக்கிற மாதிரி ஸ்கேன் காட்டுகிறது, ஓரமெல்லாம் வழவழவென்று இருக்கிறது. மெதுவாக வளர்கிற, வேறு எங்கும் பரவாத சாதுவான கட்டியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மூச்சுக்குழாய்க்குள்ளேயே இப்படி வருவது அபூர்வம், என் அனுபவத்திலேயே ஓரிரண்டுதான் பார்த்திருக்கிறேன் என்றார். ஆனால் எடுத்துப் பரிசோதிக்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது. அதற்குப் பெங்களூர் போகவேண்டும்.

காய்ச்சல் விட்டதும் பெங்களூர் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரி. மாதேஸ்வரனுக்குக் கன்னடம் நன்றாக வரும். மண்டி வியாபாரிகளோடு பேசிப் பழகியது. வரிசையில் நிற்கிறவர்களிடம் வழி கேட்டு, வார்டு ஆயாவிடம் பேசி, கட்டில் வாங்கி, எல்லாவற்றையும் அவனே செய்தான். அந்த விருதுநகர்க்காரனால் இங்கே ஒரு வார்த்தை பேசமுடியுமா என்று மனதுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம் ஓடியது. இப்படி ஒரு நேரத்தில் இது என்ன நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டான். அப்படியும் அது போகவில்லை.

முதலில் கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக உள்ளே விட்டு, கட்டியின் மேலிருந்து துளி கிள்ளி எடுத்தார்கள். அந்தப் பரிசோதனை முடிவு வர சில நாட்கள் ஆயின. வந்தபோது அதில் ஒன்றும் தெளிவாக இல்லை. மேல்தோல் மட்டும்தான் வந்திருக்கிறது, உள்ளே இருப்பது கெட்டியாக இருப்பதால் கிள்ள வரவில்லை, மொத்தமாக எடுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்கள்.

அன்று மத்தியானம் பிரவீனா குளிக்கப் போயிருந்தபோது அவள் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'ரிசல்ட் வந்துருச்சா? மோகனாவும் கேட்டுக்கிட்டே இருக்கா.' அனுப்பியவன் பெயர் ராஜசேகர். மாதேஸ்வரன் மேலே தள்ளிப் பார்த்தான். பெரிதாக ஒன்றும் இல்லை. காய்ச்சல் எப்படி இருக்கிறது, லீவு சொல்லிவிட்டேன், கவலைப்படாதீங்க. எல்லாவற்றுக்கும் அவள் ஒரு வரியில் பதில் போட்டிருந்தாள். அதில் ஒரு வரி: 'பயமா இருக்கு.'

தன்னிடம் அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

அவள் ஈரத்தலையோடு வந்தபோது அவன் போனை நீட்டினான். "பயமா இருக்குன்னு அவனுக்குச் சொல்ற. எனக்குச் சொல்ல வாய் வரலயா?"

அவள் போனை வாங்கிக் கட்டிலில் வைத்தாள். மெதுவாக உட்கார்ந்தாள். அவன் சண்டையை எதிர்பார்த்தான். அவள் குரல் ஏறவே இல்லை.

"ஒண்ணும் இல்லேன்னு நீ அவருகிட்டச் சொன்னியாமே. அவரு அன்னைக்கே என்னக் கேட்டாரு, ஏன் உங்க வீட்டுக்காரரு அப்படிச் சொல்றாருன்னு. நான் எம்மூஞ்சிய எங்க வச்சுக்கறது? அவரு எனக்கு அண்ணன் மொறையும் இல்ல, தம்பி மொறையும் இல்ல. கூட வேல செய்யறவரு. எங்கூட பஸ்ஸுல வர்றவங்க அம்பது பேரு. அவருக்குக் கேட்டுச்சு, வந்து சொன்னாரு. அவ்ளோதான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ கேக்கல மாமா. எனக்கு அது வருத்தமில்ல. நீ ராத்திரி பூரா காட்டுல கெடக்கற, உனக்கு எங்க கேக்கப்போவுது? ஆனா இன்னாடி பண்ணுது உனக்குன்னு ஒருநாளாச்சும் கேட்டியா?"

பக்கத்துக் கட்டில்காரிக்குத் துணையிருந்த கன்னடக்காரக் கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ. மாதேஸ்வரன் எழுந்து வராந்தாவுக்குப் போனான். அங்கே ஒரு டீயை வாங்கி ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அது தெரிந்த பிறகும் நெஞ்சில் அந்த எரிச்சல் அதே இடத்தில்தான் இருந்தது. நியாயம் வேறு, இது வேறு என்று தோன்றியது. அந்தச் செய்திக்கு அவளையே பதில் போடச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனான். ஆனால் சொல்லவில்லை.

கட்டியை எடுப்பதாக இருந்த அன்று காலை அவளை எதுவும் சாப்பிட விடவில்லை. எட்டு மணிக்கு மேல்தான் கூட்டிப்போவோம் என்றார்கள். பிரவீனா அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள். இடது பக்கமாக ஒருக்களித்து, கையைத் தலைக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டு தூங்கினாள். வார்டில் சத்தம் அதிகம். தட்டுகள் இடிபடுகிற ஓசை, யாருக்கோ போனில் கன்னடத்தில் சத்தமாக ஆறுதல், தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிறீச்சு. மாதேஸ்வரன் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் முதுகுக்கு அருகே உட்கார்ந்தான். குனிந்தான். கேட்கவில்லை. இன்னும் குனிந்தான். யாராவது பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவள் முதுகில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, காதை வைத்தான்.

அப்போது கேட்டது. மெல்லிய, நீளமான ஒரு சீறல். மூச்சு வெளியே போகும்போது ஆரம்பித்து, தேய்ந்து, அடங்கி, மறுபடி வந்தது. சொட்டுநீர்க் குழாயின் ஊசி ஓட்டை மாதிரியேதான். எத்தனை நாள் எத்தனை வரப்பில் இதே சத்தத்தைத் தேடி நடந்திருக்கிறான்! அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதோடு, சொன்னால் வெட்கக்கேடு, ஒரு திருப்தியும் வந்தது. அவன் கேட்டதை நானும் கேட்டுவிட்டேன். அவன் சீட்டுக்குப் பின்னாலிருந்து கேட்டான். நான் காதை வைத்துக் கேட்டேன். இன்னும் சில மணி நேரத்தில் இதை எடுத்துவிடுவார்கள். அப்புறம் யாருக்கும் கேட்காது.

அவன் காது சூட்டில் பிரவீனா விழித்துக்கொண்டாள். திரும்பாமலே, "இன்னா மாமா பண்ற?" என்றாள்.

"கேக்குது" என்றான்.

 அவள் கையைப் பின்னால் நீட்டி அவன் தலைமுடியைத் தொட்டாள். "பயமா இருக்குது" என்றாள்.

"எனக்குந்தான்."

உள்ளே கொண்டுபோன பிறகு நேரம் நகரவில்லை. வார்டு ஆயா இரண்டு தடவை வந்து, "ஏனூ ஆகல்ல, பயபடபேடி" என்று, ஒன்றும் ஆகாது, பயப்படாதீங்க என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனாள். மாதேஸ்வரன் என்னென்னவோ நினைத்தான். கட்டி கெட்டதாக இருந்துவிட்டால், தான் சாக்குச் சொல்லிக் கடத்திய அந்த வாரங்களுக்கு யார் பதில் சொல்வது? அந்த ராஜசேகர் முகத்தில் எப்படி முழிப்பது? அப்போதும் ராஜசேகர் முகம்தான் வந்தது. மகள் முகம்கூட அப்புறம்தான் வந்தது.

வாய் வழியாகவே குழாய் விட்டு, சூடேற்றிய கம்பி வளையத்தால் காம்பை அறுத்து, முழுசாக எடுத்துவிட்டார்கள். நெஞ்சைத் திறக்கவில்லை. அங்கிருந்த டாக்டர் போனில் படம் காட்டினார். வெளிர் மஞ்சளாக, ஊறவைத்த கொண்டைக்கடலை போல இருந்தது. இதுவா? இத்தனை வருஷம் இருமவைத்தது, வீட்டில் பாயைத் தள்ளிப் போடவைத்தது, இதுவா?

பரிசோதனை முடிவை ஓசூரில் டாக்டர் அருணாதான் படித்துச் சொன்னார். ஹமார்ட்டோமா என்று பெயர். குருத்தெலும்பும் கொழுப்பும் தாறுமாறாகச் சேர்ந்து உருண்டையானது. புற்றுநோய் இல்லை, ஆகவும் ஆகாது என்று சொல்லும் அளவுக்குச் சாது. ஆனால் இன்னும் இரண்டு வருஷம் விட்டிருந்தால் திரும்பத் திரும்ப நிமோனியா வந்து அந்தப் பக்கத்துக் கீழ்நுரையீரல் வீணாகியிருக்கும், அதை வெட்டி எடுக்கவேண்டி வந்திருக்கும். வருஷத்துக்கு ஒருதரம் வந்து காட்டவேண்டும், அவ்வளவுதான்.

"எத்தன நாளா இருந்திருக்கும் மேடம்?" என்று மாதேஸ்வரன் கேட்டான்.

"இது ரொம்ப மெதுவா வளரும். பத்து வருஷம்கூட ஆகியிருக்கலாம். உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம்."

பிரவீனா அழுதாள், சிரித்தாள், டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியாமல் மாதேஸ்வரன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளையம்மாவிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னான். பிரவீனா இனி சமையலறையில் படுக்கமாட்டாள். வெள்ளையம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு மருமகளுக்குத் தலையணை எடுக்கப் போனாள்.

மாசி பிறந்து குளிர் விட்ட பிறகு பிரவீனா வேலைக்குக் கிளம்பினாள். பஸ்ஸிலேயே போறன் மாமா என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள். கேட்கிற மாதிரி சொல்லவில்லை. முடிவு செய்துவிட்டுச் சொன்னாள். அவனும் சரி என்றான். முக்குவரை மட்டும் வண்டியில் கூட்டிப்போனான். அங்கே ராஜசேகர் நின்றிருந்தான். இவர்களைப் பார்த்ததும் அவன் சற்றுத் தள்ளி, டீக்கடைப் பக்கம் நகர்ந்துபோய் நின்றான். பிரவீனாவைப் பார்த்துச் சும்மா தலையை மட்டும் ஆட்டினான்.

அவன் நகர்ந்தது மாதேஸ்வரனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று கூச்சமாகவும் இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அவனிடம் போனான்.

"கட்டி இருந்துச்சு. எடுத்தாச்சு. கேன்சர் இல்ல" என்றான்.

"தெரியும்ண்ணே. உங்க வீட்டம்மா மெசேஜ் போட்டாக. இம்புட்டு சந்தோஷமா இருந்துச்சு எங்களுக்கு." ராஜசேகர் தயங்கினான். "நான் அன்னைக்குச் சொல்லியிருக்கக் கூடாதோன்னு பல தடவ நெனச்சேன். ஒரு பொம்பள தூங்கறப்ப மூச்சு இப்படி வருதுன்னு போய் எப்படிச் சொல்றது? ரெண்டு வாரம் பேசாமத்தான் இருந்தேன். அப்புறம் மோகனாதான், சொல்லாம ஏதாச்சும் ஆயிட்டா என்ன செய்வீகன்னு திட்டுனா."

மாதேஸ்வரன் சாலையைப் பார்த்தான். நன்றி என்று சொல்லத்தான் வந்தான். அந்தச் சொல் வந்தது, ஆனால் அதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது.

"நீங்க சொன்னதாலதான் அவளுக்குச் சரியாச்சு. அதுக்கு நான் கைகூப்பித்தான் ஆவணும். ஆனா, மறைச்சுப் பேச எனக்கு வராது, அது உங்களுக்குக் கேட்டுச்சே, எனக்குக் கேக்கலயேன்னு இன்னும் வயிறு எரியுது. உங்களப் பாத்தா எரியுது."

ராஜசேகர் ஒரு கணம் திகைத்தான். பிறகு அந்தச் சாதாரண முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"எனக்கா இருந்தாலும் எரியும்ண்ணே."

 கம்பெனி பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பிரவீனா ஏறினாள். ராஜசேகர் மற்றவர்களையெல்லாம் ஏறவிட்டுக் கடைசியாக ஏறினான். அவன் எந்த சீட்டில் உட்காருகிறான் என்று பார்க்கக்கூடாது என்று முடிவு செய்து மாதேஸ்வரன் வண்டியை உதைத்துக் கிளப்பினான். ஆனால் பஸ் தாண்டிப்போகும்போது தலை தானாகத் திரும்பியது. வெயில் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. உள்ளே யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை.